மொட்டை மாடித் தொட்டியும் உள்ளங்கைக் கணினியும்

வார இதழோடு ஷாம்பு பாக்கெட் வந்திருக்கிறது. சாம்பார்ப் பொடி வந்திருக்கிறது. மார்கழியில் கோலப் புத்தகம், சித்திரையில் ராசிபலன். இலவச இணைப்பில் நாம் பார்க்காத ரகம் இல்லை. ஆனால் 2015 நவம்பரில் இங்கிலாந்தில் 'மேக்பை' என்ற மாத இதழின் 40-வது இதழோடு ஒட்டிக் கொடுத்த இலவசம் கொஞ்சம் வேறு மாதிரி. அது ஒரு முழுக் கணினி. ஆறரை சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் அகலம், 512 எம்பி நினைவகம். தனியாக வாங்கினால் ஐந்து டாலர். கடைக்கு வந்த கையோடு இதழ் தீர்ந்துபோனது.

அந்தப் பலகையின் பெயர் ராஸ்பெரி பை ஜீரோ. அதன் அண்ணன் தம்பிகளையும், அதைப் பார்த்து சீனாவிலும் கொரியாவிலும் பிறந்த ஆரஞ்சு பை, பனானா பை, ஓட்ராய்டு வகையறாக்களையும் சேர்த்து 'ஒற்றைப் பலகைக் கணினி' என்கிறார்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் இவை டிவிக்குப் பின்னாலும் பரணிலும் பால்கனியிலும் உட்கார்ந்து ஏதோ ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. ஏறக்குறைய அதே அளவு பலகைகள் மேஜை இழுப்பறையில் ஒரு வேலையும் இல்லாமல் கிடக்கின்றன என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம். காரணம் எளிது. முதலில் பலகையை வாங்கிவிடுகிறோம். பிறகுதான் அதற்கு வேலை தேடுகிறோம்.

வேலையை முதலில் பார்த்தால் கதை எப்படி மாறும்? தமிழ்நாட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் இந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அப்பா திட்டாத விலையில் ஒரு கணினி

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கணினி அறிவியல் படிப்பைக் கவனித்துவந்தவர் எபன் அப்டன். 2000-களின் நடுவில் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். வந்தவர்களுக்கும் கணினியைப் பயன்படுத்தத் தெரிந்ததே தவிர, நிரல் எழுதிப் பழக்கம் இல்லை. முந்தைய தலைமுறைக்கு இந்தக் குறை கிடையாது. 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ என்ற கணினியை சுவிட்ச் போட்ட உடனே, 'எழுது' என்று சொல்வதுபோலத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கும். பிள்ளைகள் எழுதினார்கள். பிறகு வந்த வீட்டுக் கணினியோ விலை உயர்ந்த பொருள்; அப்பாவின் அலுவலகக் கணக்கு அதில் இருக்கும்; பிள்ளை கைவைத்தால் திட்டு விழும்.

கெட்டுப்போனாலும் யாரும் திட்டாத விலையில் ஒன்று செய்தால் என்ன என்று அப்டனும் நண்பர்களும் நினைத்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு முதல் பலகை விற்பனைக்கு வந்தது. முதல் தொகுதியில் இருந்தவை 10,000. காலையில் கடை திறந்ததும் விற்பனையை ஏற்றிருந்த இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன.

வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் இல்லை. சிறுவயதில் பிபிசி மைக்ரோவில் விளையாடிய அப்பாக்கள். இன்று அந்தக் கூட்டத்தையும் தாண்டி, விற்பனையின் பெரும்பகுதி தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் விளம்பரத் திரைகளுக்கும் போகிறது. 2024 ஜூனில் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அதற்குள் விற்ற பலகைகள் ஆறு கோடியைத் தாண்டியிருந்தன.

சுவையான தொடர்பு ஒன்று உண்டு. பிபிசி மைக்ரோவைச் செய்தது கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம். அங்கே சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 1985-இல் உருவாக்கிய சிப் வடிவமைப்புதான் ஏஆர்எம். உங்கள் செல்போனுக்குள் இருப்பதும் ராஸ்பெரி பைக்குள் இருப்பதும் அதன் வாரிசுகள்தாம்.

சரி, வேகத்திலும் நினைவகத்திலும் இந்தப் பலகையைவிட வீட்டில் கிடக்கும் பழைய செல்போனே பல நேரம் மேல். பிறகு எதற்கு இது? பலகையின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாக 40 ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சில ஊசிகள் மின்சாரம் தருபவை, சில எர்த். மீதியை நீங்கள் எழுதும் நிரல் ஆட்டிவைக்கலாம். ஒரு ஊசியில் விளக்கை எரிய வைக்கலாம், இன்னொன்றில் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்கலாம். வெளியுலகைத் தொட்டுப் பார்க்க செல்போனில் இப்படி ஒரு வழி இல்லை.

501-வது யூனிட்

முதல் வேலையை ஈபி மீட்டர் பெட்டியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிறார்கள். 500 யூனிட்டுக்குள் முடித்தவருக்கு ஒரு கணக்கு, தாண்டியவருக்கு வேறு கணக்கு. 501-வது யூனிட்டுக்கு அதிக விலை என்பதோடு போகாது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விகிதமும் சேர்ந்து பறிபோகும். மே மாதம் ஏசி ஓடும் வீடுகளில் கடைசி வாரம் டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

மின்னணு மீட்டரின் முகத்தில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஓர் எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு யூனிட் செலவாக 3200 மினுக்கு என்று பொருள். இந்த ஒரு தகவல் போதும். ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் இடையே சரியாக ஒரு விநாடி என்றால், அந்த நேரத்தில் வீடு இழுப்பது 1125 வாட். முக்கால் விநாடி என்றால் 1500 வாட்; ஏசி ஓடுகிறது. பத்து விநாடிக்கு மேல் என்றால் ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும்.

இதைக் கணினி எண்ணுவதற்கு, ஒளி பட்டால் குணம் மாறும் சின்ன உணரி ஒன்று தேவை. இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். அதை மீட்டர் கண்ணாடியின் மேல் சிவப்பு விளக்குக்கு நேராகக் கறுப்பு டேப்பால் ஒட்டி, ஒயரை ஊசிக்குக் கொண்டுவந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. மீட்டரின் சீலைத் தொடவே கூடாது. ஒயர் எதையும் பிரிக்கவும் வேண்டாம். மீட்டர் மின்வாரியத்தின் சொத்து. நாம் வெளியே நின்று விளக்கை எண்ணுகிறோம், அவ்வளவுதான்.

நிரல் இருபது வரிகூட வராது. மினுக்கு வந்தால் ஒன்றைக் கூட்டு. நேரத்தைக் குறித்து வை. ஒரு வாரம் ஓடவிட்டால் வீட்டின் மின் வாழ்க்கை வரைபடமாகத் தெரியும். அதிகாலை ஐந்தரைக்கு எழும் கோபுரம் கீசர். ராத்திரி முழுக்க மேலும் கீழும் போகும் ரம்பப்பல் கோடு ஃபிரிட்ஜின் கம்ப்ரசர். எல்லோரும் தூங்கிய பிறகும் சுழியத்தைத் தொடாமல் ஓடும் மெல்லிய கோடு, யாரும் அணைக்காத செட்டாப் பாக்ஸும் இன்வெர்ட்டரும் மோடமும். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கோடு உண்டு. அதன் உயரம்தான் மாறும். '500-ஐ எட்ட இன்னும் 40 யூனிட், கணக்கெடுக்க இன்னும் ஒன்பது நாள்' என்று செல்போனுக்குச் செய்தி அனுப்பச் சொல்லலாம். இந்த வசதியை எந்தக் கடையிலும் யாரும் விற்பதில்லை. தமிழ்நாட்டுக் கட்டண அட்டவணையின் வளைவு நெளிவை ஷென்ஜெனில் இருக்கும் கம்பெனி எதற்காகப் படிக்கப்போகிறது?

அதை எண்ணும் கணினி எவ்வளவு சாப்பிடும் என்ற கேள்வி வரும். பை ஜீரோ வகைப் பலகை ஒரு வாட்டை ஒட்டி இழுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட். சற்றுப் பெரிய ராஸ்பெரி பை 4, லேசான வேலையில் நான்கு வாட்; ஆறு யூனிட்.

'தம்பி, டேங்க் வழியுது!'

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். எதிர்வீட்டு அக்கா குரல் கொடுத்த பிறகுதான் ஓடுகிறோம்.

பழகுநர்கள் கைவைக்கும் முதல் பொருள் ஒலி உணரி. சின்னப் பலகையில் இரண்டு கண் மாதிரி இருக்கும். ஒரு கண் நம் காதுக்கு எட்டாத ஒலியை விடும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை இன்னொரு கண் பார்த்துச் சொல்லும். ஒலியின் வேகம் தெரியும், நேரம் தெரியும், தூரம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எதிரொலிப் பாடத்தில் போட்ட கணக்கேதான்.

பாடப்புத்தகம் சொல்லாத சிக்கல்கள் மொட்டை மாடியில் காத்திருக்கின்றன. ஒலி 20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர் போகும். ஒரு டிகிரி கூடினால் வேகம் 0.6 மீட்டர் கூடும். இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் பெரும்பாலும் 343 என்றே எழுதியிருக்கிறது. எழுதியவர் ஐரோப்பாவில் குளிர் அறைக்குள் இருந்திருப்பார். நம் ஊரில் சித்திரை மதியம் கறுப்புத் தொட்டிக்குள் 40 டிகிரி சாதாரணம். ஒரு மீட்டர் கீழே இருக்கும் தண்ணீரை அந்த நிரல் மூன்றரை சென்டிமீட்டர் மேலே இருப்பதாகச் சொல்லும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸில் அது ஏறத்தாழ இரண்டு குடம். ஆனால் கவலைப்படத் தேவையில்லை. தொட்டி நிரம்ப நிரம்பத் தூரம் குறைகிறது, பிழையும் கூடவே குறைகிறது. வழியும் இடத்தில் கணக்கு சரியாகவே இருக்கும். காலித் தொட்டியில் இரண்டு குடம் முன்னே பின்னே காட்டினால் யாருக்கு நஷ்டம்?

ஈரம்தான் நிஜமான எதிரி. சாதாரண உணரியின் திறந்த கண்களில் நீராவி படிந்து சில மாதங்களில் துரு ஏறிவிடும். காரின் பின் பம்பரில் இருப்பதுபோல மூடிய கண் கொண்ட ரகம் வாங்க வேண்டும். அதற்கும் ஒரு குணம் உண்டு: இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் வந்த பொருள் அதன் கண்ணில் படாது. எனவே நீர்மட்டத்துக்கு அவ்வளவு மேலே பொருத்த வேண்டும்.

அடுத்தது மின்னழுத்தம். ராஸ்பெரி பையின் ஊசி 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பழைய வகை ஒலி உணரி திருப்பி அனுப்புவது 5 வோல்ட். நேராகச் செருகினால் ஊசி போகும். சில நேரம் பலகையே போகும். இரண்டு ரெசிஸ்டர் போட்டு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு ரூபாய் சமாச்சாரம். இதைத் தவறவிட்டு இறந்த பலகைகள் ஏராளம்.

மோட்டாரைக் கணினியே நிறுத்தட்டும் என்று ஆசை வரும். இங்கேதான் நிதானம் வேண்டும். கடையில் கிடைக்கும் நீலநிற ரிலே 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அந்தப் பொறியில் ரிலேயின் உள்முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் கணினி 'நில்' என்று எத்தனை முறை சொன்னாலும் மோட்டார் நிற்காது. சின்ன ரிலே, காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். வீட்டுக் கணினிப் பொழுதுபோக்கில் உயிர் போகக்கூடிய ஒரே இடம் இதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ராஸ்பெரி பை தேவையே இல்லை. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் இதுபோன்ற கணினி ஒரே நேரத்தில் நூறு வேலை பார்க்கும். எதிரொலி வந்த நுண்நொடியைப் பிடிக்கும்போது அதன் கவனம் வேறெங்காவது இருக்கும். இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் பலகை ஐந்நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அதில் லினக்ஸ் இல்லை, திரை இல்லை. கொடுத்த ஒரே வேலையைப் பிசகாமல் செய்யும். மாடியில் அது அளக்கட்டும்; கூடத்தில் ராஸ்பெரி பை அந்தச் செய்தியை வாங்கி வரைபடம் போடட்டும். அதுகூட வேண்டாம் என்பவருக்கு ஹார்டுவேர் கடையில் மிதவை சுவிட்ச் இருக்கிறது. தொட்டி வழியாமல் இருந்தால் போதும் என்றால் அதுவே உத்தமம்.

மாடிப் பலகையும் கூடத்துப் பலகையும் பேசிக்கொள்ளப் பெரும்பாலோர் பயன்படுத்துவது எம்க்யூடிடி என்ற நெறிமுறை. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக எழுதியது. ஒவ்வொரு எழுத்துக்கும் காசு என்ற நிலையில் பிறந்ததால் அத்தனை சிக்கனம். அதே நெறிமுறைதான் இன்று 'தொட்டி 82 சதவீதம்' என்று மாடியிலிருந்து கூடத்துக்குச் செய்தி கொண்டுவருகிறது.

வீட்டார் கேட்கும் கேள்வி

பை-ஹோல் என்ற மென்பொருள் இந்த வட்டாரத்தில் மிகப் பிரபலம். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியை எடுத்துத் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். வீட்டு மோடத்திடம் 'இனிமேல் முகவரி கேட்பதெல்லாம் இந்தக் குட்டிக் கணினியிடம் கேள்' என்று சொல்லிவிடுவோம். விளம்பர நிறுவனங்களின் பெயர் வந்தால் அது கையை விரித்துவிடும். வீட்டிலுள்ள எல்லா செல்போனிலும் விளம்பரம் ஒரே அடியில் குறையும். குழந்தை விளையாடும் செயலிக்கு நடுவே சூதாட்ட விளம்பரம் குதிப்பது நிற்கும்.

ஆனால் யூடியூப் விளம்பரம் போகாது. வீடியோ வரும் அதே முகவரியிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. ஒன்றை அடைத்தால் இரண்டும் போகும். என்னைக் கேட்டால் விளம்பரத்தைவிடச் சுவாரசியமானது இது காட்டும் பட்டியல். நாம் பார்க்காத நேரத்திலும் ஸ்மார்ட் டிவி யாருக்கெல்லாம் தகவல் அனுப்பத் துடிக்கிறது என்று அதில் வரிசையாக விழும். ஒருமுறை பார்த்தவர் டிவியைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டுத் தூங்கப்போவார்.

இதன் விலை ரூபாயில் இல்லை. பட்டியலைக் கண்டபடி நீட்டினால் ஏதாவது ஒரு கடைச் செயலி திறக்காது, பரிசுக் கூப்பன் இணைப்பு வேலை செய்யாது. அப்புறம் வீட்டில் நெட் எப்போது மந்தமானாலும் கேள்வி ஒன்றுதான்: "என்னங்க, மறுபடியும் அந்த டப்பாவுல ஏதோ நோண்டினீங்களா?"

உபயோகக் கணக்கே பார்க்காத வேலைகளும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் மென்பொருள், குரலை மூன்று மூன்று விநாடித் துண்டாக வெட்டிக் கேட்டு இன்ன பறவை என்று சொல்லும். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களின் குரல் அதற்குத் தெரியும். ஒரு ராஸ்பெரி பை, ஒரு யுஎஸ்பி மைக், மழை படாத ஜன்னலோரம் போதும். செம்போத்தும் தையல்சிட்டும் புள்ளி ஆந்தையும் நேரத்தோடு பட்டியலாகும். வலசை காலத்தில் ஆறுமணிக்குருவி எந்தத் தேதியில் தோட்டத்துக்கு வந்தது, காலையில் சரியாக எத்தனை மணிக்குக் குரல் கொடுத்தது என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். நகரத்து இரைச்சலில் அது தவறும். நம்பமுடியாத பெயர் ஏதாவது வந்தால் பதிவான குரலை நீங்களே ஒருமுறை கேட்டுவிடுங்கள். இந்தப் பலகைகளால் நடக்கும் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பணம் மிச்சமாகாது. நேரமும் மிச்சமாகாது. ஜன்னலுக்கு வெளியே இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும்.

கரண்ட், சூடு, கள்ளன்

ஒற்றைப் பலகைக் கணினியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. செல்போனில் போடும் எஸ்டி கார்டுதான் எல்லாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டிலுள்ள கோப்புகள் சிதையும். மறுபடி கரண்ட் வரும்போது கணினி எழாது. குளிர்நாட்டுக் கையேடுகள் இதை ஓரமாக ஒரு வரியில் சொல்லிப் போகும். மின்தடை வாடிக்கையான ஊரில் இதுதான் முதல் பாடம்.

மருந்து இருக்கிறது. ராஸ்பெரி பையின் அமைப்புகளிலேயே கார்டைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டும் வசதி உண்டு. எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவகத்தில் நடக்கும், எப்போது கரண்ட் போனாலும் கார்டுக்குச் சேதமில்லை. சேர்த்துவைக்க வேண்டிய கணக்கு என்றால் யுஎஸ்பியில் எஸ்எஸ்டி மாட்டலாம். சிசிடிவிக்கென்று விற்கும் உழைப்பாளி கார்டு வாங்கலாம். எதுவானாலும் முழுக் கார்டையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பழைய செல்போன் சார்ஜரை மாட்டுவதும் வேண்டாத வேலை. அழுத்தம் விழுந்து, காரணமே தெரியாமல் கணினி அடிக்கடி நின்றுபோகும்.

சூடு அடுத்தது. உள்வெப்பம் 80 டிகிரியைத் தாண்டினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதச் சென்னையில், டிவிக்குப் பின்னால், மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அந்த எண்ணை எட்டுவது சுலபம். அலுமினியப் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டால் ஃபேன்கூட வேண்டாம்.

வெயிலே படாத இடத்திலும் வெளிச்சம் இதைக் கவிழ்த்த கதை ஒன்று உண்டு. 2015 பிப்ரவரியில் வந்த ராஸ்பெரி பை 2-ஐ ஃபிளாஷ் போட்டுப் படம் பிடித்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஃபிளாஷ் அடித்த கணத்தில் கணினி அணைந்தது. மின்சாரத்தைச் சீராக்கும் ஒரு சிப்பை உறையில்லாமல் பொருத்தியிருந்தார்கள். செனான் ஃபிளாஷின் கடும் வெளிச்சம் நேராக அதன் சிலிக்கான்மீது பட்டதும் அது தடுமாறியது. செல்போனின் எல்இடி ஃபிளாஷுக்கு அந்த வலு கிடையாது. சிப்பின் மேல் கொஞ்சம் பிசின் அப்பியதும் சரியாகிவிட்டது. கேமராவுக்குக் கூச்சப்படும் கணினி என்று உலகமே சிரித்தது.

மூன்றாவது விஷயம் சிரிப்பதற்கில்லை. அமெரிக்காவின் நாசாவுக்குச் சொந்தமான ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் வலைப்பின்னலில் யாரோ அனுமதியில்லாமல் ஒரு ராஸ்பெரி பையை மாட்டிவைத்திருந்தார்கள். அதன் வழியே நுழைந்தவர்கள் சுமார் 500 எம்பி அளவுக்கு 23 கோப்புகளை எடுத்துக்கொண்டு போனது 2018-இல் தெரியவந்தது. நாசாவின் தணிக்கை அறிக்கையே இதைச் சொல்கிறது. பல ஆண்டுகள் எல்லா ராஸ்பெரி பையும் ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல்லோடுதான் வந்தன. 2022 ஏப்ரலில்தான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். பழைய பலகை கையில் இருந்தால் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. வெளியூரிலிருந்து தொட்டியைப் பார்க்க ஆசைப்பட்டு மோடத்தில் வாசல் திறந்துவிடுவதும் தவறு. விபிஎன் வழியே வீட்டுக்குள் வாருங்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, ஸ்மார்ட் பிளக்கும் ஸ்மார்ட் பல்பும் கடையில் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரெவால்வ் என்று ஒரு வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி 300 டாலருக்கு விற்றது. கூகுளின் நெஸ்ட் 2014-இல் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை மூடினார்கள். பெட்டி கெட்டுப்போகவில்லை, ஒயர் அறுந்துபோகவில்லை. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் அது வெறும் பெட்டியாயிற்று. உங்கள் விளக்கு எரிய வேறொரு நாட்டுக் கணினியின் சம்மதம் தேவை என்ற ஏற்பாட்டில் உள்ள ஆபத்து அது. பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் நேர் எதிர்த்திசையில் போகிறது: எல்லாக் கணக்கும் உங்கள் வீட்டுப் பலகையிலேயே இருக்கும். இணையம் போனாலும் மாடி விளக்கு எரியும்.

வாங்குமுன்

'மலிவு' என்ற சொல்லை இப்போது யோசித்துத்தான் போட வேண்டியிருக்கிறது. 2021 முதல் 2023 வரை சிப் தட்டுப்பாட்டில் பலகைகள் கிடைக்கவே இல்லை. கிடைத்த இடத்தில் இரண்டு மூன்று மடங்கு விலை. அது தீர்ந்தது என்று மூச்சுவிட்டபோது நினைவகத்தின் விலை ஏறத் தொடங்கியது. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. 120 டாலருக்கு வந்த 16 ஜிபி ராஸ்பெரி பை 5, 2025 டிசம்பரில் 145 டாலர் ஆனது. அந்தக் காசுக்கு அலுவலகங்கள் கழித்துப்போட்ட சின்ன டெஸ்க்டாப் கணினி கிடைக்கிறது. படம், பாட்டு, கோப்புகளை வீட்டுக்குள் பகிர்ந்துகொள்ளும் வேலைக்கு அதுவே மேல். பெரிய ராஸ்பெரி பையை வாங்கி அதற்குச் சார்ஜர், பெட்டி, எஸ்எஸ்டி என்று செலவழிப்பவர்கள் பாதிப்பேர் ஊசிகளைத் தொடுவதே இல்லை. தொடாத ஊசிக்குக் காசு கொடுப்பானேன்?

என் கணக்கு இதுதான். அளப்பது, சுவிட்ச் போடுவது என்றால் இஎஸ்பி32. கேமராவோ மைக்கோ மாட்ட வேண்டும், நாள் முழுக்க ஓட வேண்டும், கரண்ட் செலவு தெரியக் கூடாது என்றால் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் பை ஜீரோ 2. பல கருவிகளைக் கட்டி மேய்க்க வேண்டும் என்றால் குறைந்த நினைவகம் கொண்ட பை 4. அதற்கு மேல் பழைய டெஸ்க்டாப். உள்ளூர்ச் சரக்கில் ஆர்வம் உள்ளவர்கள் சி-டாக் நிறுவனத்தின் ஏரீஸ் பலகையைத் தேடிப் பார்க்கலாம். அதிலிருக்கும் தேஜஸ் சிப் இந்தியாவில் வடிவமைத்தது. ஐஐடி மெட்ராஸின் சக்தி சிப்பும், தேஜஸைப் போலவே, ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் வடிவமைப்பின் வழியில் வந்ததுதான். இவை இஎஸ்பி32 வரிசைக்குப் போட்டி. ராஸ்பெரி பைக்கு மாற்று என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. ஆன்லைனில் நூறு ரூபாய் பொருளுக்கு எண்பது ரூபாய் கூரியர் கொடுப்பதற்குப் பதில், மவுன்ட் ரோட்டில் இறங்கி ஒரு நடை போனால் உணரி, ஜம்பர் ஒயர், சால்டரிங் அயர்ன், ஈயம் எல்லாம் ஒரே சந்தில் முடியும். கார்டும் பலகையும் மட்டும் பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். போலி கார்டுகள் 64 ஜிபி என்று சொல்லி எட்டில் நின்றுவிடும்.

பலகை ஏற்கெனவே இழுப்பறையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2012-இல் வந்த முதல் பலகைக்கும் இன்றைய ராஸ்பெரி பை இயங்குதளத்தின் 32 பிட் பதிப்பு ஒத்துப்போகிறது. பழசாகிவிட்டது என்று ஒதுக்க வேண்டாம். கேரள அரசு 2015-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் இந்தக் கிட்டைக் கொடுத்து நிரல் எழுதச் சொன்னது. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றிலும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையை வெளியே எடுத்து ஈபி மீட்டர் விளக்கை எண்ண வையுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், சார்ஜரும் கார்டும் சேர்த்துப் பக்கத்து அரசுப் பள்ளியின் கணினி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.